நடுவில் ஒரு பெட்டி

எனக்குச் சங்கீதத்தில் ஞானம் கிடையாது. ஆசை மட்டும் உண்டு. ஞானம் உள்ளவர்களுக்கு ஒரு தம்பூரா போதும். ஆசை மட்டும் உள்ளவனுக்குத்தான் பெட்டிகள் தேவைப்படுகின்றன.

எங்கள் கூடத்தில் அப்படி மூன்று பெட்டிகள் உண்டு. கம்ப்யூட்டரில் எண்களாய்க் கிடக்கும் பாட்டை மின்னலையாக மாற்றித் தரும் 'டாக்' ஒன்று. ஸ்பீக்கருக்கு ஒன்றாக ஆம்ப்ளிஃபயர் இரண்டு. கொஞ்ச நாளாகப் பாட்டில் ஏதோ குறைகிறாற்போல் இருந்தது. தம்பூராவின் ரீங்காரம் மங்கிவிட்டது. வயலினின் மேல் ஸ்தாயி போர்வைக்குள்ளிருந்து வந்தது.

நண்பர் ஒருவரிடம் சொன்னேன். "நடுவே ஒரு ப்ரீஆம்ப் வையும், உயிர் வந்துவிடும்" என்றார். சொன்னதோடு நில்லாமல் தம்முடையதையே ஒரு வாரத்துக்குக் கொடுத்தார். நல்ல கனம். முகப்பில் தேங்காய் மூடி அளவுக்கு ஒரு குமிழ்.

வைத்தேன். உயிர் வந்துவிட்டது! புதிதாக ஒன்று வாங்கப் பணம்கூட எடுத்துவைத்துவிட்டேன்.

அந்தச் சமயத்தில் என் சகோதரியின் பிள்ளை வந்து சேர்ந்தான். என்ஜினீயர்.

"இது எதற்கு மாமா?"

"உயிருக்கு."

அவன் சிரிக்கவில்லை. பொறுமையாக விளக்கினான். கிராமபோன் ஊசி தருவது ஒரு வோல்ட்டில் இருநூறில் ஒரு பங்கு. அதைத் தூக்கிவிட நடுவில் ஓர் ஆள் வேண்டியதுதான். 1982-இல் காம்பாக்ட் டிஸ்க் வந்தது முதல் இந்த டிஜிட்டல் கருவிகள் இரண்டு வோல்ட் தருகின்றன. பெரும்பாலான ஆம்ப்ளிஃபயர்கள் முழுமூச்சாய்ப் பாட அதுவே ஏறக்குறையப் போதும். ஆகவே தூக்க ஆள் வேண்டாம். அடக்கத்தான் ஆள் வேண்டும். அந்த வேலையை என் டாக்கே செய்யும்.

"எண்களில் குறைத்தால் நுணுக்கம் போய்விடுமாமே?" என்றேன், விடாமல்.

"ஆறு டெசிபலுக்கு ஒரு பிட் போகும். 16 பிட்டில் கணக்குப் போட்டால் கவலைப்படலாம். உங்களுடையது 32 பிட்டில் போடுகிறது. இசைத்தட்டு, ரேடியோ என்று மாற்றி மாற்றிக் கேட்பவர்களுக்கு ப்ரீஆம்ப் உதவும். நெடுந்தூரம் கம்பி இழுப்பவர்களுக்கும் உதவும். உங்களுக்கு எதற்கு?"

"என் காதால் கேட்டேனே, அப்பா!"

அவன் மீட்டரை எடுத்து அளந்தான். ப்ரீஆம்ப் வழியாக வந்த பாட்டு கொஞ்சம் உரக்க இருந்தது. "உரக்கக் கேட்டால் எந்தப் பாட்டும் நன்றாகத்தான் இருக்கும், மாமா" என்றான். இரண்டையும் சமமாக்கி, பெட்டிகளை ஒரு பழைய புடைவையால் மறைத்து, பத்துத் தடவை மாற்றி மாற்றிப் போட்டான். ஐந்து தடவை சரியாகச் சொன்னேன். காசைச் சுண்டிப் பார்த்திருந்தாலும் அவ்வளவுதான் தேறியிருக்கும்.

எனக்குப் பொறுக்கவில்லை. "அப்படியானால் பாட்டு ஏன் மங்கிப் போயிற்று?"

அவன் பதில் சொல்லவில்லை. வாசற்படியில் உட்கார்ந்திருந்த என் மனைவிதான் மெதுவாகக் கேட்டாள்: "தோட்டத்தில் சுவர்க்கோழி இப்படிக் கத்துகிறதே, உங்களுக்குக் கேட்கிறதா?"

மழை விட்ட ராத்திரி. காது கொடுத்துக் கேட்டேன். நிசப்தமாக இருந்தது. இரண்டு வருஷமாகவே எங்கள் தெருவில் ராத்திரிகள் அமைதியாகிவிட்டன என்று நான் சந்தோஷப்பட்டுக் கொண்டிருந்தேன்.

ப்ரீஆம்பை மறுநாளே திருப்பிக் கொடுத்தேன். எடுத்துவைத்த பணம் காது டாக்டரிடம் போயிற்று. வயசானால் மேல் ஸ்வரங்கள்தாம் முதலில் விடைபெறும் என்றார் அவர். நடுவில் ஒரு சின்னப் பெட்டி வேண்டித்தான் இருந்தது. டாக்குக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவில் அல்ல. இப்போது அது என் காதில் இருக்கிறது.

தம்பூரா மறுபடி ரீங்கரிக்கிறது. சுவர்க்கோழியால்தான் தூக்கம் கெடுகிறது. ஆனாலும் அந்தப் பெரிய குமிழை நினைத்தால் இன்னும் கொஞ்சம் ஆசையாகத்தான் இருக்கிறது.