யார் புகட்டுவது?

பச்சிளம் குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் எங்கள் வேலையின் பெரும்பகுதி பால் கணக்கிலேயே போகிறது. இரண்டு மணிக்கொரு தடவை எத்தனை மில்லி, குழாயிலா பாலாடையிலா, எதுக்களித்ததா, வயிறு உப்பியிருக்கிறதா, நேற்றைவிட எத்தனை கிராம் கூடியது. இந்தக் கணக்கு வேண்டும்தான். 1,200 கிராம் குழந்தைக்குக் கண்ணளவில் பால் கொடுக்க முடியாது. ஆனால் 20 மில்லியைக் கேட்டுக் குடித்த குழந்தையும், தூக்கத்தில் அதே 20 மில்லி வாயில் ஊற்றப்பட்ட குழந்தையும் சார்ட்டில் ஒன்றுபோலவே தெரிவார்கள். புகட்டுவது அடிப்படையில் குறிப்பறியும் வேலை. அதை இடைவிடாமல் செய்யக்கூடியவர்கள் குடும்பத்தார்தான். அவர்களைப் பார்வை நேரத்தில் வந்துபோகும் விருந்தாளிகளாக வைத்திருக்கும் வரை எங்கள் வேலை பாதிதான் நடக்கிறது என்பது என் கட்சி.

சப்புவது, விழுங்குவது, மூச்சு விடுவது ஆகிய மூன்றும் இசைந்து வரத் தொடங்குவது கருவின் 32 முதல் 34 வாரங்களில். விழுங்கும் கணத்தில் மூச்சு நிற்க வேண்டும். குறைமாதக் குழந்தை அடுத்த மூச்சை எடுக்க மறந்து தொடர்ந்து சப்பினால் ஆக்சிஜன் இறங்கும், இதயத்துடிப்பு குறையும். மோனிட்டர் அலறுவதற்கு முன்பே குழந்தை சொல்லிவிடுகிறது: புருவம் ஏறும், விரல்கள் விறைத்து விரியும், கடைவாயில் பால் வழியும், முகம் திரும்பும். பசியையும் அப்படித்தான் சொல்லும். கை வாய்க்குப் போகும், நாக்கு துழாவும். அழுகை கடைசியில் வருவது. இவற்றில் பல ஒவ்வொரு குழந்தைக்கும் மாறுபடும். ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் நர்ஸ் மாறுகிறார். பல நாள் உடனிருக்கும் தாய்க்கே அந்தத் தனிச்சாடை பிடிபடும். கருவியைவிடக் கை முக்கியம் என்பதற்குப் பாலாடையே சாட்சி. 1999-இல் வெளியான இந்திய ஆய்வொன்றில் பாலாடையில் குழந்தைகள் குறைந்த நேரத்தில் அதிகம் குடித்தார்கள்; 2007-இல் வெளியான இங்கிலாந்து ஆய்வில் புட்டியோடு ஒப்பிட்டபோது நேரமும் அதிகம் பிடித்தது, பாலும் அதிகம் சிந்தியது. இரண்டிலும் அதே கருவிதான். பழகிய கைக்கும் புதிய கைக்கும் உள்ள வேறுபாடாகத்தான் நான் இதைப் பார்க்கிறேன்.

குடும்பத்தை உள்ளே விட்டால் தொற்று வரும் என்பது முதல் ஆட்சேபம், அதுவும் காலங்காலமாகச் சொல்லப்படுவது. இந்தியா, கானா, மலாவி, நைஜீரியா, தான்சானியா ஆகிய நாடுகளின் ஐந்து மருத்துவமனைகளில் நடந்து 2021-இல் வெளியான உலக சுகாதார நிறுவன ஆய்வு, பிறந்தவுடனேயே தாயையும் குழந்தையையும் ஒரே தீவிர சிகிச்சை அறையில் சேர்த்துவைத்துக் கங்காரு பராமரிப்பு (குழந்தையை மார்போடு தோலொட்ட அணைத்துவைப்பது) கொடுத்தது. முதல் 28 நாட்களில் இறப்பு அங்கே 12 சதவீதம். வழக்கமான முறையில் 15.7 சதவீதம். கிருமித்தொற்று என்று சந்தேகிக்கப்பட்டவர்களும் தாயோடு இருந்த குழந்தைகளில்தான் குறைவு. இந்திய சுகாதார அமைச்சகம் 2017-லேயே குடும்பப் பங்கேற்புப் பராமரிப்புக்கு வழிகாட்டுதல் வெளியிட்டுவிட்டது. கை கழுவத் தெரியாதவர்கள் என்று பெற்றோரைத் தள்ளிவைப்பதைவிடக் கை கழுவக் கற்றுக்கொடுப்பது சுலபம். (எங்கள் பக்கத்திலும் கை கழுவுவது எப்போதும் முறையாக நடப்பதில்லை என்பது ஊரறிந்த ரகசியம்.) பாட்டி சேனை வைத்துவிடுவார், படுக்கவைத்தே பால் ஊற்றுவார் என்ற பயம் நியாயமானது. ஆனால் அவர் வீட்டில் அதைச் செய்யும்போது நாங்கள் அருகில் இருக்கப்போவதில்லை. தலையை உயர்த்திப் பிடிப்பதையும், ஒரு மடக்கு இறங்கியபின் அடுத்ததைக் கொடுப்பதையும் அவர் கற்றுக்கொள்ள இங்கேதான் வாய்ப்பு.

குறிப்பைப் பார்த்துக் கொடுத்தால் எடை ஏறாது என்ற இன்னொரு ஆட்சேபத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன். குழந்தையின் குறிப்புக்கு ஏற்பப் பால் கொடுப்பதையும் மணிக்கணக்கில் கொடுப்பதையும் ஒப்பிட்ட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள், முன்னதில் குழாயை எடுத்துவிட்டு முழுக்க வாய்வழி குடிக்கும் நிலை சில நாட்கள் முன்பே வருகிறது, ஆனால் எடை ஏறுவது சற்று மெதுவாகிறது என்கிறார்கள், சான்றும் வலுவானதல்ல. எனவே சார்ட்டைத் தூக்கி எறிய முடியாது. ஒரு நாளுக்கான மொத்த அளவை மருத்துவர் முடிவு செய்யட்டும்; ஒவ்வொரு வேளையும் எவ்வளவு வாயில், எப்போது நிறுத்துவது, மிச்சத்தை எப்போது குழாயில் விடுவது என்பதில் புகட்டுகிறவரின் சொல்லுக்கு இடம் வேண்டும். கற்றுக்கொடுக்க நர்சுகளுக்கு நேரம் ஏது என்கிறார்கள். முதல் சில நாட்கள் வேலை கூடும், மறுப்பதற்கில்லை. அதன்பின் ஒவ்வொரு கட்டிலருகிலும் ஒரு ஜோடிக் கண் கூடுதலாக இருக்கும்.

கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய நாடுகளின் 26 பிரிவுகளில் நடந்து 2018-இல் வெளியான ஆய்வில், பெற்றோரே பராமரிப்பில் முன்னின்ற பிரிவுகளில் எடையும் கூடுதலாக ஏறியது, வீட்டுக்குப் போகும்போது தாய்ப்பாலும் அதிகம் இருந்தது. ஆனால் அதில் சேர்ந்த பெற்றோர் தினம் ஆறு மணி நேரமாவது இருப்பதாக ஒப்புக்கொண்டவர்கள். சிசேரியன் தையலோடு வேறொரு மருத்துவமனையில் படுத்திருக்கும் தாய்க்கும், ஒரு நாள் கூலி போனால் அடுப்பெரியாத தகப்பனுக்கும் அந்த ஆய்வு பதில் சொல்லாது. அவர்களிடம் போய் 'நீங்கள் இருந்தால்தான் குழந்தை தேறும்' என்று சொல்வது கொடுமை. பால் சுரக்காத தாயிடம் சொல்வது இன்னும் கொடுமை. தாய்தான் வர வேண்டும் என்ற விதியை விட்டு, பெரியம்மா காலையிலும், வேலை முடித்த தகப்பன் இரவிலும் வந்தால் அந்த நேரத்தில் பயிற்சி கொடுக்க ஆள் வைக்க வேண்டும். பீய்ச்சிய பாலை வாங்கிவைக்கக் குளிர்பெட்டி, சாய்ந்து உட்கார ஒரு நாற்காலி, உடனிருப்பவருக்கு ஒரு வேளைச் சோறு. விலை அதிகமான வென்டிலேட்டருக்குப் போடும் மனுவோடு இவற்றையும் சேர்த்தே கேட்கலாம்.