தேவாலயச் சுவரைப் பூசலாமா?



அபிஷேகப்பாக்கம் போன்ற புதுவைச் சிற்றூர்களில் வாழும் நமக்கு வில்லியனூர் லூர்து மாதா தேவாலயம் புதிதன்று. பிரான்சின் லூர்து நகரில் மர்யம் (அலை) அவர்கள் காட்சி தந்ததாகக் கத்தோலிக்கர் நம்பும் ஆண்டு 1858. அதன்பின் இருபது ஆண்டுகள் நிறைவதற்குள், 1876 - 77 காலத்தில், அப்பெயரிலேயே வில்லியனூரில் தேவாலயம் எழுந்தது. சிலை பிரான்சிலிருந்து வந்தது. எனினும் வடிவம் நம் ஊருடையதாயிற்று. தேவாலயத்தின் முன் படித்துறையோடு ஒரு குளம். ஈஸ்டருக்குப் பின் கொடியேற்றம், தேர்பவனி. அதே ஊரில் திருக்காமீசுவரர் கோயிலும் உண்டு. சுல்தான்பேட்டையில் நம் மக்களும் வாழ்கின்றனர்.

அக்காலத்துக் கட்டடங்கள் செங்கல்லாலும் சுண்ணாம்புச் சாந்தாலும் ஆனவை. சுண்ணாம்பை ஊறவைத்து, மணலோடு அரைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர் சேர்த்துப் பூசினர். அத்தகைய சுவர் ஈரத்தை வாங்கினாலும் மெல்ல வெளியே விட்டுவிடும். அதன்மேல் சிமெண்டைப் பூசினால் ஈரம் உள்ளே அடைபடும், உப்புப் பூக்கும், காரை பெயரும், நாளடைவில் செங்கல்லே உதிரும். ஆகவே பழைய தேவாலயத்தைச் செப்பனிடுவோர் சிமெண்டைச் செதுக்கி எடுத்துவிட்டு மீண்டும் சுண்ணாம்பையே பூசவேண்டியுள்ளது. அவ்வேலை அறிந்த கொத்தனார்கள் இன்று அருகிவிட்டனர். அவர்களுள் நம்மவரும் உண்டு.

நம் மக்தபில் ஒரு மாணவன் கேட்டான்: "ஹஜ்ரத், எங்க அத்தாவை ஒரு சர்ச்சுல பூச்சு வேலைக்குக் கூப்பிடுறாங்க. அந்தக் கூலி ஹலாலா?"

சிறுவனின் கேள்வி எனினும் அவன் வீட்டு அடுப்பைச் சார்ந்த கேள்வி. ஒற்றைச் சொல்லில் விடை கூறுவது நேர்மையாகாது. ஹனஃபி சட்ட நூல்கள், தேவாலயக் கட்டுமான வேலைக்கு ஒரு முஸ்லிம் கூலிக்குச் செல்வதில் குற்றமில்லை என்கின்றன. கட்டும் செயலில் பாவமில்லை என்பது அவற்றின் வாதம். பிற மத்ஹபுகளின் அறிஞர்கள் பலர், மாற்று வழிபாட்டுக்குத் துணைபோவதாகும் எனக் கருதித் தடுத்துள்ளனர். இரண்டையும் எடுத்துரைத்து, அவனுடைய அத்தாவைத் தம் மத்ஹபின் ஆலிமிடம் கேட்கச் சொன்னோம்.

ஆனால் கூலியைப் பற்றிய கருத்து வேறுபாடு, அண்டை வீட்டாரின் ஆலயம் இடிந்தால் நமக்கென்ன என்ற அலட்சியத்துக்குச் சான்றாகிவிடக் கூடாது. இடிக்கப்படாமல் காக்கப்படும் இடங்களைக் கூறும் திருக்குர்ஆன் வசனம் (22:40), மடங்களையும் தேவாலயங்களையும் யூத ஆலயங்களையும் கூறிய பின்னரே பள்ளிவாசல்களைக் கூறுகிறது. நஜ்ரான் கிறிஸ்தவர்களுக்கு நபி (ஸல்) அவர்கள் அளித்த உடன்படிக்கை அவர்தம் ஆலயங்களுக்கும் பாதுகாப்பு அளித்தது. 679ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் அர்-ருஹா நகரத்துப் பெருந்தேவாலயம் சேதமுற்றபோது, அதைச் செப்பனிடச் செய்தவர் முஆவியா (ரலி) அவர்கள். இதனைப் பதிவு செய்திருப்போர் கிறிஸ்தவ வரலாற்றாசிரியர்களே.

இதனால் ஈமானின் எல்லை கரைந்துவிடுவதில்லை. நாம் அவர்களது வழிபாட்டில் பங்கேற்பதில்லை. ஈஸா (அலை) அவர்களைப் பற்றிய நம் நம்பிக்கை வேறு என்பதை மறைப்பதுமில்லை. வழிபாட்டில் சேராதிருப்பது வேறு. சுவர் விழுவதை வேடிக்கை பார்ப்பது வேறு. 2019 ஏப்ரல் 21 அன்று, ஈஸ்டர் ஞாயிறில், இலங்கையின் தேவாலயங்களில் குண்டு வைத்தோர் நம் மார்க்கத்தின் பெயரையே சொல்லிக்கொண்டனர். கொச்சிக்கடை அந்தோனியார் ஆலயம் அதே ஆண்டு ஜூன் மாதமே செப்பனிடப்பட்டுத் திறக்கப்பட்டது. சுவர்கள் விரைவில் எழுந்தன. அண்டை வீட்டாரின் மனத்தில் விழுந்த விரிசல் அவ்வளவு விரைவில் அடைபடுவதில்லை. அதை அடைக்கும் பொறுப்பில் நமக்கும் பங்குண்டு.

ஆகவே பெற்றோரே, ஊர்த் தேவாலயத்தில் சாரம் கட்டியிருப்பதைக் கண்டு உங்கள் பிள்ளைகள் ஏதேனும் கேட்டால், ஏளனமாகப் பதில் கூறாதீர்கள். 22:40 வசனத்தைப் பொருளோடு அவர்களுக்குக் கற்பியுங்கள். அண்டை வீட்டாரின் உரிமையைப் பேணுவோராக அல்லாஹ் நம் அனைவரையும் ஆக்குவானாக. ஆமீன்.