கூட்டுக்குள் காப்பி

தமிழ்நாட்டை விட்டு வடக்கே படிக்க வருகிற மாணவன் பலவற்றைத் துறக்கச் சித்தமாகவே வருகிறான். இட்டிலியை மறந்து பராட்டாவுக்குப் பழகிக்கொள்கிறான். ஜனவரிக் குளிரில் இரண்டு ரஜாய்களுக்குள் சுருண்டு கிடக்கக் கற்றுக்கொள்கிறான். இந்தியில் ஆண்பால் பெண்பால் தடுமாறினாலும் ஆட்டோக்காரரிடம் பேரம் பேசி வெற்றி பெறுகிறான். ஆனால், காலையில் ஒரு தம்ளர் காப்பி கிடைக்காவிட்டால் மட்டும் அவனுடைய துறவறம் குலைந்து போகிறது. டில்லி தேநீர் நகரம். தெருமுனைதோறும் இஞ்சி தட்டிப்போட்ட டீ கொதிக்கிறது. காப்பி என்று கேட்டால், கரையும் தூளையும் சர்க்கரையையும் கரண்டியால் அடித்து நுரையாக்கிப் பாலில் மிதக்கவிட்டுத் தருகிறார்கள். அதைக் குறை கூறுவது என் நோக்கமன்று. அது வேறு பானம் என்று மட்டும் சொல்லி மேலே செல்கிறேன்.

முனிர்க்காவில் ஒரு மாடி வீட்டில் நாங்கள் மூவர் குடியிருக்கிறோம். கோவைக்காரர் ஒருவர், ஒடிசாக்காரர் ஒருவர், அடியேன். கோவை நண்பரின் தமையனார் வெளிநாட்டு உத்தியோகத்தை முடித்துக்கொண்டு ஊர் திரும்பும் வழியில், தம்பிக்கென்று ஒரு காப்பி இயந்திரத்தையும், அதற்குத் துணையாகப் பால் நுரைக்கும் கூஜா ஒன்றையும் கொடுத்துவிட்டுப் போனார். ஓராண்டாக இவ்விரண்டையும் நாள்தோறும் கையாண்டு வருகிறேன். அவற்றின் குணாதிசயங்களை எழுதலாம் என்று உட்கார்ந்தேன். எழுத எழுத, காப்பியைவிடப் பெரிய விஷயம் ஒன்று அதற்குள் ஒளிந்திருப்பது தெரிந்தது.

முதலில் இயந்திரம். இதற்குத் தூள் தனியாக வாங்குவதில்லை. அரைத்து, அளந்து, அழுத்தி, காற்றுப் புகாமல் அடைத்த சின்னஞ்சிறு அலுமினியக் கூடுகளாக வாங்குகிறோம். 'காப்ஸ்யூல்' என்று பெயர். மருந்துக் கடை நினைவு வருவதால் நான் அதைக் கூடு என்றே அழைக்கிறேன். ஒரு கூட்டுக்குள் ஏறக்குறைய 5 கிராம் தூள் இருக்கும். பின்புறத் தொட்டியில் தண்ணீர் ஊற்றி, பிடியைத் தூக்கிக் கூட்டைப் போட்டு மூடினால், ஊசிமுனைகள் அதன் முதுகைத் துளைக்கின்றன. பொத்தானைத் தட்டியதும், கொதிநிலைக்குச் சற்றுக் குறைந்த வெந்நீரைப் பம்பு உள்ளே நெட்டித் தள்ளுகிறது. உள்ளே அழுத்தம் ஏற ஏற, கூட்டின் முன்புறத் தகடு உப்பி, எதிரே முட்கள் போன்ற மேடுகள் உள்ள தட்டில் மோதிக் கிழிகிறது. அதுவரை ஒரு சொட்டுக்கூட இறங்காது. கிழிந்த பின் அரை நிமிஷத்துக்குள் 40 மில்லி லிட்டர் கறுத்த காப்பி, மேலே தேன் நிற நுரையுடன் கோப்பையில் வந்து சேர்கிறது.

நம் வீட்டுப் பில்டரில் வேலை செய்வது புவியீர்ப்புச் சக்தி ஒன்றே. அந்தச் சக்திக்கு மின்சாரக் கட்டணம் கிடையாது, அவசரமும் கிடையாது. டிக்காஷன் சொட்டுச் சொட்டாக இறங்குவதற்குள் பல் விளக்கிப் பத்திரிகையும் படித்துவிடலாம். இயந்திரத்தின் பம்போ காற்றுமண்டல அழுத்தத்தைப் போல் 19 மடங்கு வரை தரவல்லது என்று அதன் பெட்டியில் அச்சிட்டிருக்கிறார்கள். ஒன்று பொறுமையின் காப்பி. மற்றொன்று பலத்தின் காப்பி.

இந்தப் பலப்பரீட்சை நேற்றுத் தொடங்கியதன்று. இத்தாலியில் மிலான் நகரத்துப் பெட்சேரா என்பவர், நீராவியால் காப்பியை விரைவில் இறக்கும் இயந்திரத்துக்கு 1901-ஆம் ஆண்டில் உரிமை பெற்றார். அதே நகரத்துக் காஜியா 1938-இல் நீராவிக்குப் பதிலாக அழுத்தப்பட்ட வெந்நீரைப் புகுத்தும் வழிக்கு உரிமை பெற்றார். தேன் நிற நுரை அவர் வழி வந்த பேறு. பின்னர் ஸ்விட்சர்லாந்தில் நெஸ்லே நிறுவனத்துப் பொறியியலாளர் எரிக் ஃபாவ்ர், காப்பிக் கடைக்காரரின் கைத்திறனை ஒரு கூட்டுக்குள் அடைக்க முயன்றார். 1976-இல் அதற்கு உரிமை பதிவாயிற்று. கூட்டுக் காப்பி 1986-இல் சந்தைக்கு வந்தது. இன்று நம் நாட்டு நிறுவனங்களும் இத்தகைய கூடுகளைச் செய்து விற்கின்றன.

'எஸ்பிரஸோ' என்றதும் நமக்கு நினைவு வருவது கல்யாண மண்டபம் அல்லவா? வாசல் ஓரத்தில் ஓர் ஆசாமி பளபளக்கும் இயந்திரத்தருகே நிற்பார். கரையும் காப்பித் தூளும் சர்க்கரையும் பாலும் கலந்த பாத்திரத்தில் நீராவிக் குழாயை அமிழ்த்துவார். நாதஸ்வரத்தையும் மிஞ்சும் ஓசை கிளம்பும், நுரை பொங்கும், மேலே கொக்கோப் பொடி தூவுவார். சிறு பிராயத்தில் மூன்று முறை வரிசையில் நின்று வாங்கிக் குடித்தோமே, அதற்கும் இத்தாலியர் சொல்லும் எஸ்பிரஸோவுக்கும் பெயர் ஒன்றே தவிர வேறு உறவு அதிகமில்லை. எங்கள் நுரைக்கும் கூஜா செய்வது அந்த நீராவிக் குழாயின் வேலையைத்தான். ஆனால் ஓசையில்லாமல் செய்கிறது.

கூஜாவின் உள்ளே சுருள் கம்பி சுற்றிய சிறு வளையம் ஒன்று இருக்கிறது. அதைச் சுழற்றுவது காந்தம். ஆகையால் கூஜாவின் அடியில் துளை இல்லை, ஒழுக்கும் இல்லை. உட்சுவரில் இரண்டு கோடுகள். நுரை வேண்டுமானால் கீழ்க் கோடு வரை பால். வெறும் சூடு போதுமானால் மேல் கோடு வரை. இந்தக் கோட்டை மதியாதவர் அடுப்படியைத் துடைக்க நேரும். சர்க்கரையைக் கூஜாவில் போடலாகாது, அடியில் பிடித்துக்கொள்ளும். கோப்பையில் இறங்கிய காப்பியில் சர்க்கரையைக் கரைத்துவிட்டு அதன்மேல் பாலை ஊற்றுவதே முறை.

பால் விஷயத்தில் ஒரு சிறு ஆராய்ச்சியே நடந்தது. நுரை என்பது பாலின் புரதம் கட்டும் மாளிகை. ஒவ்வொரு காற்றுக் குமிழியின் சுவரும் புரதத்தால் ஆனது. கொழுப்பு மிகுந்தால் சுவர் இளகுகிறது. குறைந்தால் நுரை உயர எழும்புகிறது, ஆனால் நாவில் பஞ்சைப் போல் வெறுமை தட்டுகிறது. 1.5 சதவீதக் கொழுப்புள்ள 'டபிள் டோன்டு' பாலில் நுரை மலைபோல் எழுந்தது. 6 சதவீதமுள்ள முழுக் கொழுப்புப் பாலில் நுரை குறைந்து சுவை மிகுந்தது. இரண்டுக்கும் நடுவே, 3 சதவீதமுள்ள 'டோன்டு' பாலே எங்கள் மூவருக்கும் சமாதான உடன்படிக்கையாக அமைந்தது. பால் சில்லென்று இருக்க வேண்டும்; காய்ச்சி ஆறிய பாலானால் ஏடு வளையத்தில் சிக்கிக்கொள்ளும். பாக்கெட்டை வெட்டி அப்படியே ஊற்றுகிறேன் என்று தொலைபேசியில் சொன்னபோது, "பாலைக் காய்ச்சாமலா குடிக்கிறாய்?" என்று அம்மா பதறிவிட்டாள். பாக்கெட்டுப் பால் நிலையத்திலேயே 72 பாகை வெப்பத்தில் 15 விநாடி சூடாக்கப்பட்டுத்தான் வருகிறது என்று விளக்கினேன். விஞ்ஞானத்தை அம்மா ஏற்றுக்கொண்டாள். என் வயிற்றைப் பற்றிய கவலையை மட்டும் விடவில்லை.

சுவை எப்படி என்று கேட்பீர்கள். நல்ல காப்பிதான். ஆனால் நம் நாக்கு சிக்கரி கலந்த டிக்காஷனில் வளர்ந்த நாக்கு. வறுத்த சிக்கரி வேரின் கசப்பும் கனமும் இல்லாத இடத்தில் அது எதையோ தேடுகிறது. இன்னொன்றையும் தேடுகிறது. கூஜாவின் நுரையைப் போலவே டபராவிலும் தம்ளரிலும் மாற்றி மாற்றி ஊற்றுவதிலும் நுரை எழுகிறது. ஆனால் கூஜா பாலைச் சுட வைத்து நுரைக்கிறது; நாமோ ஆற்றி நுரைக்கிறோம். பசியை ஆற்றுவது, துயரை ஆற்றுவது, காப்பியை ஆற்றுவது எல்லாவற்றுக்கும் ஒரே சொல்லை வைத்திருக்கிற நமக்கு இந்த வேற்றுமை சிறியதன்று.

ஆயினும் இயந்திரத்துக்குரிய பெருமையைக் கொடுத்தே ஆகவேண்டும். நள்ளிரவு கடந்து இரண்டு மணிக்கு ஆராய்ச்சிக் கட்டுரையின் நான்காம் அத்தியாயத்தோடு மல்லுக்கட்டுபவனுக்கு, ஒருவரையும் எழுப்பாமல் ஒரு கோப்பை காப்பி அரை நிமிஷத்தில் கிடைப்பது வரப்பிரசாதம். ஒடிசா நண்பர் போடும் காப்பியும் நான் போடும் காப்பியும் ஒன்றாகவே இருக்கின்றன. இதை ஒரு குறையாகச் சிலர் சொல்லலாம். ஆனால் நம் வீடுகளில் காப்பியின் கைமணம் என்று புகழ்கிறோமே, அது பெரும்பாலும் யாரோ ஒரு பெண்மணி விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்த கதை. அப்பா ஒரு நாளாவது டிக்காஷன் இறக்கியதை நான் பார்த்ததில்லை. தனக்கு வேண்டிய காப்பியைத் தானே போட்டுக்கொள்ள ஓர் ஆண்மகனுக்குக் கற்றுக்கொடுத்த இயந்திரத்தை எளிதில் பழிக்க எனக்கு மனம் வரவில்லை.

நிற்க. வெள்ளிக்கிழமைதோறும் மாலையில் இந்த மலர் பற்றிப் பேச ஏழெட்டுப் பேர் எங்கள் அறையில் கூடுவது வழக்கம். இயந்திரம் வந்த புதிதில் எல்லோருக்கும் அதன் காப்பிதான். அங்கேதான் அதன் மற்றொரு குணம் வெளிப்பட்டது. ஒரு கூடு, ஒரு கோப்பை, ஓர் ஆள். கூஜாவில் ஒரு தடவைக்கு இரண்டு பேருக்கு மேல் நுரை காணாது. அடுத்த தடவைக்குமுன் கழுவி ஆறவிட வேண்டும். முதல் ஆள் குடித்து முடித்துக் கோப்பையைக் கழுவி வைத்த பிறகு ஏழாம் ஆளுக்குக் காப்பி வந்தது. பந்தியில் ஒருவர் பாயசம் சாப்பிட்டு எழுந்த பின் பக்கத்தில் இருப்பவருக்கு இலை போட்டாற்போல் இருந்தது.

அதுகூடப் பெரிதன்று. நாங்கள் வாங்கும் கூடு ஒன்று 50 ரூபாய்க்குக் குறைவதில்லை. 5 கிராம் 50 ரூபாய் என்றால், கிலோ 10,000 ரூபாய். ஏழு பேருக்கு 350 ரூபாய். இந்தக் கணக்கை நாங்கள் யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. விலை பெட்டியின்மேல் அச்சிட்டிருக்கிறது. குடித்து முடித்த கூடுகள் இயந்திரத்தின் வயிற்றுத் தட்டில் எண்ணிப் பார்க்கும்படி விழுந்து கிடக்கின்றன.

எங்கள் கூட்டத்துக்கு மூத்தவர் ஒருவர் உண்டு. சிவகங்கைச் சீமைக்காரர், உதவித்தொகையில் பாதியை ஊருக்கு அனுப்புகிறவர். அண்ணன் என்றே அழைப்போம். இரண்டாம் வாரம் கோப்பையை நீட்டியபோது, "வேண்டாம் தம்பி, இப்பத்தான் டீ குடிச்சுட்டு வர்றேன்" என்றார். மூன்றாம் வாரமும் அதே டீ. நான்காம் வாரம் வகுப்பு வேலை என்று வரவே இல்லை. முன்பெல்லாம் கதவைத் திறக்குமுன்பே, "டிக்காஷன் இருக்காப்பா?" என்று குரல் கொடுத்துக்கொண்டு வந்தவர் அவர். கோவை நண்பர்தாம் முதலில் புரிந்துகொண்டார். "அண்ணன் பெட்டியைப் பார்த்துட்டார். திருப்பிச் செய்ய முடியாத ஒண்ணை அவர் வாங்கிக்க மாட்டார்" என்றார்.

அன்று இரவு பரண்மேல் இருந்த எவர்சில்வர் பில்டர் கீழே இறங்கியது. இராமகிருஷ்ணபுரத்துக் கடையில் அரைத்த தூள் வந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை பெரிய பாத்திரத்தில் பால் பொங்கியது. அண்ணனுக்கு ஆள் அனுப்பினோம். அன்று எட்டுப் பேர் என்று எண்ணியிருந்தோம். பத்துப் பேர் வந்தார்கள். இறங்கிய தூளின் மேலேயே வெந்நீர் ஊற்றி இரண்டாம் டிக்காஷன் எடுத்தோம். பாலில் ஒரு செம்பு கூட்டினோம். காப்பி கொஞ்சம் இளைத்தது, ஒருவரும் இளைக்கவில்லை. எந்தத் தம்ளரின் விலை என்ன என்று யாராலும் சொல்ல முடியாது. அண்ணன் இரண்டு தம்ளர் குடித்தார். இரண்டாவது, அவராகவே கேட்டு வாங்கியது.

பில்டர் காப்பியின் பெருமை மணத்தில் இருக்கிறது என்று இதுநாள்வரை எண்ணியிருந்தேன். அது நீட்டித்துக்கொள்ள இடம் தருகிறது என்பதே அதன் பெரிய பெருமை என்று இப்பொழுது தோன்றுகிறது. எதிர்பாராத விருந்தாளிக்கு அதில் எப்பொழுதும் இடம் உண்டு. கூட்டுக்குள் அடைத்த காப்பி அளவில் தவறாது. அதனாலேயே அதற்கு வளையத் தெரியாது. தொழிற்சாலையில் ஒரு ஆளுக்கு என்று முடிவான பிறகு, வாசலில் வந்து நிற்கும் இன்னொருவரை அது எப்படி அறியும்? வாங்குபவன் மனம் குளிர வேண்டுமானால், கொடுக்கும் பொருளில் விலைச்சீட்டுத் தொங்கக் கூடாது.

ஆகவே எங்கள் அறையில் ஒரு சட்டம் இயற்றியிருக்கிறோம். தனியே கண்விழிக்கும் இரவுக்குக் கூடு. நாலு பேர் கூடும் மாலைக்குப் பில்டர். நுரைக்கும் கூஜாவுக்கு இரண்டிலும் வேலை உண்டு. டிக்காஷன்மேல் அதன் நுரையை ஊற்றினால் கல்யாண வீட்டு ஞாபகம் வருகிறது என்று ஒடிசா நண்பருக்கு நாங்கள் விளக்கிக்கொண்டிருக்கிறோம். குடித்த கூடுகளையும் வீணாக்குவதில்லை. கிழித்துச் சக்கையைத் துளசித் தொட்டியில் கொட்டிவிட்டு, அலுமினியத்தைக் கழுவிச் சேர்த்து வைத்துக் கபாடிக்காரரிடம் போடுகிறோம். அலுமினியத்தை உருக்கி மறுபடி ஆக்குவதற்கு, தாதுவிலிருந்து எடுக்கும் சக்தியில் இருபதில் ஒரு பங்கே போதுமாம்.

அடுத்த மலருக்கான கூட்டம் வழக்கம்போல் வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்கு. டிக்காஷனை அண்ணன் தம் பொறுப்பில் எடுத்துக்கொண்டிருக்கிறார். எங்களிடம் தம்ளர் ஆறுதான் இருக்கிறது. வருகிற அன்பர்கள் ஆளுக்கு ஒரு தம்ளரும், கூடவே ஒரு நண்பரையும் அழைத்து வந்தால் போதும்.