லேப்டாப்பா... தோசைக்கல்லா?

ஹாஸ்டலில் என் லேப்டாப்புக்கு வைத்த பேர் 'ஹெலிகாப்டர்'. ஆன் பண்ணி அஞ்சே நிமிஷம்... 'ஙொய்ய்ய்'னு ஃபேன் சத்தம் மூணு ரூம் தாண்டிக் கேட்கும். கீபோர்டில் கை வைத்தால் தோசைக்கல்! அரை மணி நேரத்தில் சொல்லாமக் கொள்ளாம பொட்டுனு அணைஞ்சிடும்.

ஃபைனல் இயர் புராஜெக்ட் ரிவ்யூவுக்குப் பத்தே நாள். கடையில் காட்டினேன். திறந்துகூடப் பார்க்காமல், "மதர்போர்டு போச்சு தம்பி. ஒன்பதாயிரம் ஆகும். புதுசே வாங்கிடுங்க" என்றார்கள்.

அது அக்கா வாங்கித் தந்த லேப்டாப். திருப்பூரில் வேலை பார்த்து, மாசத் தவணை கட்டி வாங்கினது. போனில் விஷயத்தைச் சொன்னதும் ஒரு நிமிஷம் சத்தமே இல்லை. அப்புறம், "சீட்டுப் பணத்தை எடுத்துத் தர்றேன்டா. நீ படிப்பைப் பாரு" என்றாள். அந்தச் சீட்டு, அவள் வண்டி வாங்கப் போட்டது. தினமும் ரெண்டு பஸ் மாறி வேலைக்குப் போறவ. அன்னிக்கு ராத்திரி தூக்கமே வரலை.

மறுநாள் காலேஜ் லேப் அண்ணன் கேட்டார்: "எப்பவாவது தூசி எடுத்திருக்கியா?"

"தூசியா?!"

அவரே பக்கத்தில் உட்கார, பின்மூடியைத் திறந்தோம். ஸ்க்ரூக்களைக் கழற்றின வரிசையிலேயே பேப்பரில் வைத்து, பேட்டரி இணைப்பை முதலில் எடுத்தோம். உள்ளே ஒரு சின்ன ஃபேன், ஒரு செம்புக் குழாய், அதன் முனையில் சீப்புப் பல் மாதிரி மெல்லிய தகடுகள். ஃபேனுக்கும் தகட்டுக்கும் நடுவில்... சாம்பல் நிறத்தில் ஒரு துணி! துணி இல்லைங்க, தூசி. ரெண்டு வருஷமா மெத்தையில் வைத்துப் படம் பார்த்ததில் போர்வைப் பஞ்சும் என் தலைமுடியும் சேர்ந்து நெய்த கம்பளி.

பிராசஸரின் சூடு செம்புக் குழாய் வழியாகத் தகட்டுக்கு வரும். அதை ஃபேன் காற்று வெளியே தள்ளும். வழி அடைச்சா, ஃபேன் எவ்வளவு சுத்தினாலும் வேஸ்ட். சூடு 100 டிகிரியை நெருங்கினால் பிராசஸர் தானே வேகத்தைக் குறைக்கும். அதுக்கும் மேலே போனா அணைஞ்சிடும். ஆக, என் லேப்டாப் செத்துப்போகலை. சாகாம இருக்கத்தான் அணைஞ்சிருக்கு!

கம்பளியைப் பிய்த்து எடுத்து, ஃபேன் சுத்தாதபடி விரலால் பிடித்துக்கொண்டு புளோயர் அடித்தோம். காய்ந்துபோன பழைய தெர்மல் பேஸ்ட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் துடைத்து, ஒரு பட்டாணி அளவு புதுசு. செலவு, பேஸ்ட் வாங்கின 150 ரூபாய் மட்டும்தான். மூடி ஆன் பண்ணினால்... அமைதி! முன்னே 97 டிகிரி காட்டிய அதே புராஜெக்ட்டை ஓட்டினேன். 68 டிகிரி. ராத்திரி முழுக்க அணையவே இல்லை.

அக்காவுக்கு போன் போட்டேன். "அப்ப நல்லா இருந்ததைத்தான் போச்சுன்னு சொன்னியா? எருமை!" திட்டு சும்மா தேனா இனிச்சது.

உங்க லேப்டாப்பும் பறந்தா, வாரன்ட்டி இருக்கானு பார்த்துட்டு, தெரிஞ்சவங்களைப் பக்கத்தில் வெச்சுக்கிட்டுத் திறங்க. முக்கியமா, மெத்தையில் வைக்காதீங்க.

ரிவ்யூ முடிஞ்சு ஊருக்குப் போனேன். பஸ் ஸ்டாண்டில் புது வண்டியோடு அக்கா!

"ஏறுடா. இதில் ஏர் ஃபில்டர்னு ஒண்ணு இருக்காமே... அதை நீதான் சுத்தம் பண்ணணும்."