எண் போலிருந்த எழுத்து

நியூயார்க் நகரத்துக் காற்றைப் பற்றிய 153 நாள் கணக்கு ஒன்று, ‘ஆர்’ என்ற புள்ளியியல் நிரல்மொழியை நிறுவுகிற எல்லோருடைய கணினிக்கும் கூடவே வந்துவிடும். 1973 மே 1 முதல் செப்டம்பர் 30 வரை எடுத்த அளவுகள் அவை. ஓசோனை ரூஸ்வெல்ட் தீவில் அளந்தார்கள்; சூரியக் கதிர்வீச்சை சென்ட்ரல் பார்க்கில்; காற்றின் வேகத்தையும் வெப்பநிலையையும் லகார்டியா விமான நிலையத்தில். மாதம், தேதி இரண்டையும் சேர்த்தால் ஆறு நெடுவரிசைகள். இதில் 37 நாட்களுக்கு ஓசோன் அளவும், 7 நாட்களுக்குக் கதிர்வீச்சு அளவும் கிடையாது. நிஜமான தரவு இப்படித்தான் ஓட்டைகளோடு வரும் என்பதால் பாடம் நடத்துவதற்கு எனக்குப் பிடித்தமான தரவு இது.

ஒருநாள் இரவு இதை வைத்து மாணவர்களுக்கு ஒரு மாதிரி அறிக்கை தயாரித்துக்கொண்டிருந்தேன். தரவு மாறினால் அறிக்கையின் வாக்கியங்களில் உள்ள எண்களும் தாமாகவே மாற வேண்டும். “ஓசோனின் சராசரி இவ்வளவு” என்று ஒரு வாக்கியம். ‘சம்மரி’ என்ற ஃபங்ஷனை ஓடவிட்டேன். திரையில் அழகான அட்டவணை விழுந்தது: ஓசோனுக்குக் குறைந்தபட்சம் 1.00, முதல் கால்மானம் 18.00, இடைநிலை 31.50, சராசரி 42.13, மூன்றாம் கால்மானம் 63.25, அதிகபட்சம் 168.00, விடுபட்டவை 37. கண்ணெதிரே இருக்கிற 42.13-ஐ எடுத்து வாக்கியத்தில் வைத்தால் வேலை முடிந்தது.

எடுக்க முடியவில்லை. சராசரி என்ற கிடைவரிசையைப் பெயர் சொல்லிக் கேட்டேன். அப்படி ஒன்று இல்லை என்று பிழைச்செய்தி வந்தது. பெயர் வேண்டாம், நான்காவது கிடைவரிசை, முதல் நெடுவரிசை என்று இடம் சொல்லிக் கேட்டேன். ஏதோ வந்தது. அதோடு ஒன்றைக் கூட்டச் சொன்னதும், இது எண் இல்லை, கூட்ட முடியாது என்று மறுத்துவிட்டது. திரையில் எண்ணாகத் தெரிவது உள்ளே எண்ணாக இல்லை என்றால் பின்னே என்னவாக இருக்கிறது? அறிக்கையை அப்படியே விட்டுவிட்டு இந்தக் கேள்வியின் பின்னால் போனேன்.

‘ஆர்’ மொழியில் ஒவ்வொரு ஆப்ஜெக்டுக்கும் ‘கிளாஸ்’ என்றொரு சீட்டு ஒட்டியிருக்கும். திரையில் அதை எப்படிக் காட்டுவது என்பதை அந்தச் சீட்டுதான் தீர்மானிக்கிறது. சீட்டை உரித்துவிட்டுப் பார்த்தால் உள்ளிருப்பது தெரியும். நம் அட்டவணையின் சீட்டில் ‘டேபிள்’ என்று மட்டும் இருந்தது. உரித்தேன். ஒவ்வொரு கட்டமும் மேற்கோள் குறிகளுக்குள் அடைபட்ட எழுத்துச் சரமாக வந்து நின்றது. முதல் கட்டத்தில் குறைந்தபட்சத்துக்கான சுருக்கெழுத்து, அதன்பின் மூன்று வெற்றிடம், ஒரு முக்காற்புள்ளி, மேலும் இரண்டு வெற்றிடம், 1.00, கடைசியில் இன்னும் இரண்டு வெற்றிடம். பெயரும் நிறுத்தக்குறியும் எண்ணும் ஒன்றாகப் பிசைந்து ஒரே உருண்டை. 7 கிடைவரிசை, 6 நெடுவரிசை, 42 கட்டங்கள், எல்லாமே இப்படி. கிடைவரிசைகளின் பெயர்கள் ஏழும் வெறும் வெற்றுச் சரங்கள். நான் பெயர் சொல்லிக் கேட்டது எப்படிக் கிடைக்கும்!

இதைவிட என்னை உலுக்கியது ஏழாவது கிடைவரிசை. விடுபட்ட மதிப்புகளின் எண்ணிக்கை வரும் வரிசை அது. ஓசோனுக்கும் கதிர்வீச்சுக்கும் அங்கே முறையே 37, 7 என்ற சரங்கள் இருந்தன. காற்றின் வேகம், வெப்பநிலை, மாதம், தேதி ஆகிய நான்கிலும் எதுவுமே விடுபடவில்லை. திரையில் அந்த நான்கு கட்டங்களும் வெறுமையாகத் தெரியும். உள்ளே அங்கே இருப்பது ‘என்.ஏ.’, அதாவது மதிப்பு விடுபட்டது என்பதற்கு ‘ஆர்’ வைத்திருக்கும் அதே குறி. ஆறு வரி மட்டுமே உள்ள நெடுவரிசைகளை ஏழு வரி உயரத்துக்கு இழுத்துக் கட்டுவதற்காக அந்தக் குறியை வைத்து நிரப்பியிருக்கிறார்கள். காட்டும்போது அதை வெற்றிடமாக மாற்றிவிடுகிறார்கள். இந்த ஆப்ஜெக்டில் என்.ஏ. எங்கே இருக்கிறது என்று யாராவது ஒரு நிரல் எழுதித் தேடினால், எந்த நெடுவரிசைகளில் ஓட்டையே இல்லையோ அவற்றைத்தான் அது சுட்டிக்காட்டும். அர்த்தம் தலைகீழாகிவிடுகிறது. பழக்கமில்லாத ஒரு மாணவர் இதில் சறுக்கினால் அவரைக் குறைசொல்ல எனக்கு மனம் வராது.

‘ஆர்’ திறந்த மூல மென்பொருள் என்பதன் அருமை இப்படிப்பட்ட நேரத்தில்தான் தெரிகிறது. நெடுவரிசைகளாக அடுக்கிய தரவை (‘டேட்டா ஃப்ரேம்’) சுருக்கும் ஃபங்ஷனின் முழுப் பெயரை அடைப்புக்குறி இல்லாமல் தட்டினால் போதும், அதன் மூல நிரல் முழுவதும் திரையில் வந்துவிடும். படித்தேன். முதலில் ஒவ்வொரு நெடுவரிசைக்கும் தனித்தனியாகச் சுருக்கம் எடுக்கிறது. இந்தக் கட்டத்தில் எல்லாம் எண்கள்தான், பெயர்களும் ஒழுங்காக இருக்கின்றன. அதன்பிறகு ஒரே ஒரு வரியில் பெயர், முக்காற்புள்ளி, அகலம் சரிசெய்த எண் ஆகியவற்றை ஒட்டிச் சரமாக்குகிறது. நான் தேடிய எண் எழுத்தாக மாறிய இடம் அந்த வரி. கடைசியாக எல்லாச் சரங்களையும் ஒரே நீள வரிசையில் கோத்து, ஏழு ஏழாக மடித்து அணியாக்குகிறது.

நெடுவரிசைகளின் தலைப்பிலும் ஒரு கணக்கு ஒளிந்திருந்தது. மிக நீளமான சுருக்கெழுத்து ஏழு இடம் பிடிக்கும். அந்த ஏழிலிருந்து, நெடுவரிசையின் பெயரில் உள்ள எழுத்துகளில் பாதியைக் கழித்து, மிச்சத்தைக் கீழ்முழு எண்ணாக்கி, அத்தனை வெற்றிடங்களைப் பெயருக்கு முன்னால் சேர்க்கிறார்கள். ஆங்கிலத்தில் ஓசோனுக்கு ஐந்து எழுத்து; ஏழில் இரண்டரை போனால் நாலரை; ஆக நான்கு வெற்றிடம். காற்றுக்கு நான்கு எழுத்து, ஐந்து வெற்றிடம். இதனால் தலைப்பின் நடுப்பகுதி ஏறக்குறைய முக்காற்புள்ளிகளின் நேர்மேலே வந்து உட்காரும். ஒரு அச்சுக்கோப்பாளரின் கவனம் இது. படித்தபோது உண்மையாகவே மரியாதை வந்தது. ஆனால் இதன் விலை, நெடுவரிசையின் பெயர் இனி ‘ஓசோன்’ இல்லை. ‘நான்கு வெற்றிடம் ஓசோன்’ என்பதே பெயர். சும்மா ஓசோன் என்று கேட்டால் அகப்படாது.

ஏன் இப்படிச் செய்தார்கள் என்று கேட்டால் ‘ஆர்’ மொழிக்கு முந்தைய காலத்துக்குப் போக வேண்டும். 1976-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ஜான் சேம்பர்ஸும் அவருடைய சகாக்களும் ‘எஸ்’ என்ற மொழியைத் தொடங்கினார்கள். அங்கே ஏற்கெனவே குவிந்திருந்த ஃபோர்ட்ரான் நிரல்களை, ஒரு புள்ளியியலாளர் உட்கார்ந்த இடத்திலிருந்து உரையாடுவதுபோல் பயன்படுத்த வேண்டும் என்பது நோக்கம். நெடுவரிசை நெடுவரிசையாகத் தரவை அடுக்கும் ஃபோர்ட்ரான் பழக்கம் இன்றும் ‘ஆர்’ மொழியின் அணிகளில் அப்படியே இருக்கிறது. சரங்களை ஏழு ஏழாக மடித்ததும் நெடுவரிசைகள் சரியாக அமைந்தது அதனால்தான். அதே ஆய்வகத்தில் இருந்த ஜான் டூக்கி, 1977-ல் வெளியிட்ட தம் நூலில், ஒரு தரவுத் தொகுதியை ஐந்து எண்களால் சொல்லிவிடலாம் என்று காட்டினார்: இரண்டு ஓரங்கள், நடுவில் ஒன்று, இரு பக்கமும் ‘கீல்’ என்று அவர் அழைத்த இரண்டு. நம் அட்டவணையில் உள்ளவை ஆறு; சராசரி சேர்ந்துவிட்டது. டூக்கியின் முறைக்கு ‘ஆர்’ மொழியில் தனி ஃபங்ஷன் உண்டு. அதில் ஓசோனின் மேல் கீல் 63.5 என்று வரும். சுருக்க அட்டவணையிலோ மூன்றாம் கால்மானம் 63.25. தவறு எதுவும் இல்லை. கால்மானம் காண ஒன்பது வழிகள் உண்டு என்று ஹைண்ட்மனும் ஃபேனும் 1996-ல் வரிசைப்படுத்தினார்கள். ‘ஆர்’ அவற்றில் ஏழாவதை இயல்பாக எடுத்துக்கொள்கிறது.

1992-ல் சேம்பர்ஸும் டிரெவர் ஹேஸ்டியும் தொகுத்த நூல் வழியாக ‘எஸ்’ மொழிக்கு டேட்டா ஃப்ரேமும் கிளாஸ் சீட்டும் வந்தன. கணக்கிடுவது ஒரு வேலை, காட்டுவது இன்னொரு வேலை என்ற பிரிவினை அந்தச் சீட்டால்தான் கைகூடியது. நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகத்தில் ராஸ் இஹாக்காவும் ராபர்ட் ஜென்டில்மனும் ‘ஆர்’ மொழியை உருவாக்கியபோது இந்த வடிவத்தையே எடுத்துக்கொண்டார்கள். 2000 பிப்ரவரி 29 அன்று அதன் 1.0.0 பதிப்பு வெளிவந்தது.

அந்தப் பிரிவினை ஒழுங்காகக் கடைப்பிடிக்கப்பட்ட இடத்தையும் போய்ப் பார்த்தேன். கார்களின் வேகத்தையும் அவை நிற்பதற்கு எடுத்துக்கொண்ட தூரத்தையும் பற்றிய 1920-களின் தரவு ஒன்று, 50 வரிகள், ‘ஆர்’ கூடவே வருகிறது. அதில் ஒரு ரெக்ரஷன் போட்டு, அதற்குச் சுருக்கம் எடுத்தேன். உள்ளே ஒரு பட்டியல். குணகங்கள் தனியே, இரண்டுக்கு நான்கு அணியாக, உண்மையான எண்களாக. 50 எச்சங்களும் தனியே. வேகத்தின் குணகம் 3.9324 என்று திரையில் தெரிகிறது. உள்ளே அதற்கு மேலும் பல இலக்கங்கள் பத்திரமாக இருக்கின்றன. முக்கியத்துவத்தைக் குறிக்கப் பக்கத்தில் வரும் நட்சத்திரங்கள் உள்ளே கிடையாது. அச்சிடும் நேரத்தில் போடப்படுபவை. கடைசி வரியில் எஃப் மதிப்பு 89.57-க்குப் பக்கத்தில் ஒரு பி-மதிப்பு வருமே, அதுவும் ஆப்ஜெக்டில் எங்கும் இல்லை. எஃப் மதிப்பும் 1, 48 என்ற இரண்டு கட்டின்மைப் படிகளும் மட்டுமே இருக்கின்றன; பி-மதிப்பைக் காட்டும்போது கணக்கிடுகிறார்கள். பலர் அந்தப் பி-மதிப்பைத் தேடித் திணறியதற்குக் காரணம் இது. இருந்தாலும் இந்த வடிவமே சரி என்பேன். வேண்டியதை மறுபடி கணக்கிட்டுக்கொள்ள எல்லா எண்களும் அங்கே இருக்கின்றன.

தனி ஒரு நெடுவரிசையின் சுருக்கமும் நெடுநாள் ஒரு குறையைச் சுமந்திருந்தது. கணக்கிட்ட கையோடு எண்களை நான்கு இலக்கத்துக்கு வெட்டிவிடும். 123456 என்ற மதிப்பு 123500 ஆகிவிடும். திரையில் மட்டும் வெட்டியிருந்தால் பரவாயில்லை. சேமித்த மதிப்பே அதுதான். 2017 ஏப்ரலில் வந்த 3.4.0 பதிப்பில் இதைத் திருத்தினார்கள். முழு எண்ணைச் சேமிக்கிறார்கள், காட்டும்போதுதான் சுருக்குகிறார்கள். டேட்டா ஃப்ரேமின் சுருக்கத்துக்கு அந்தத் திருத்தம் போய்ச்சேரவில்லை. அது இன்னும் சரங்களாகவே தங்கிவிட்டது. எண்பது எழுத்து அகலத் திரையில் ஒரு மனிதக் கண் ஒருமுறை பார்த்துவிட்டுப் போவதற்காகச் செய்த பொருள் அது. அந்த வேலைக்கு இன்றும் அதைவிடச் சிறந்தது எனக்குத் தெரியாது.

கடைசியாக ஒன்றை முயன்றேன். அந்த அட்டவணையை டேட்டா ஃப்ரேமாக மாற்றினால் எண்கள் கிடைக்குமா? சீட்டில் ‘டேபிள்’ என்று இருப்பதால், ‘ஆர்’ அதை எண்ணிக்கை அட்டவணையாக நினைத்துக்கொண்டது. 42 வரிகள் வந்தன. முதல் நெடுவரிசை முழுக்க வெற்றுப் பெயர், இரண்டாவதில் வெற்றிடங்களோடு நெடுவரிசைகளின் பெயர்கள், மூன்றாவதன் தலைப்பு ‘நிகழ்வெண்’ என்பதற்கான ஆங்கிலச் சுருக்கம். அதன்கீழே அதே பழைய சரங்கள்.

அறிக்கைக்குத் திரும்பி, விடுபட்டவற்றை நீக்கிவிட்டு ஓசோன் நெடுவரிசையிடமே நேரடியாகச் சராசரி கேட்டேன். 116 நாட்களின் சராசரி, 42.12931. வாக்கியம் நின்றது. சுருக்க அட்டவணையிலிருந்து எண்ணைப் பிரித்தெடுக்க முக்காற்புள்ளியில் சரத்தை வெட்டி, வெற்றிடம் நீக்கி, எண்ணாக மாற்றும் நிரல்களை எழுதி வைத்திருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள்: அவற்றைத் தூக்கிப் போட்டுவிட்டு மூலத் தரவிடமே கேளுங்கள். அந்த 42 கட்டங்களில் ஒன்றில்கூட எண் கிடையாது.