ரப்பர் சக்கரமும் காணாமல் போன இலையும்

கடலில் ஓடும் எஞ்சினுக்கு லாரிக்கு இருப்பது போல ரேடியேட்டர் கிடையாது என்று சொன்னால் கரையில் இருப்பவர்கள் பலர் நம்புவதில்லை. லாரி ஓடும்போது எதிர்க்காற்று அடித்து எஞ்சின் ஆறும். படகின் வயிற்றுக்குள் அடைந்து கிடக்கும் எஞ்சினுக்கு அந்தக் காற்று ஏது? அதை ஆற வைப்பது கடல்தான். தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்தில் லாஞ்சு கிளம்பும்போது பக்கவாட்டுக் குழாயிலிருந்து தண்ணீர் கொட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். அது எஞ்சினின் சூட்டை வாங்கிக்கொண்டு வெளியே வரும் கடல்தண்ணீர். அது நின்றால் எஞ்சின் நிற்கப்போகிறது என்று அர்த்தம்.

அந்தத் தண்ணீரை இழுத்துத் தருவது உள்ளங்கையில் அடங்குகிற ஒரு வெண்கல பம்பு. முப்பத்தொரு வருடம் படகு எஞ்சின் பட்டறையில் வேலை பார்த்ததில் இந்தப் பம்பை எத்தனை முறை கழற்றியிருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. உள்ளே பூவிதழ் மாதிரி இலைகள் விரிந்த ஒரு ரப்பர் சக்கரம் இருக்கும். இம்பெல்லர் என்போம். பம்பின் உட்சுவரில் ஒரு பக்கம் மட்டும் சின்ன மேடு. இலைகள் அந்த மேட்டில் ஏறும்போது மடங்கித் தண்ணீரைப் பிதுக்கித் தள்ளும். மேட்டைத் தாண்டியதும் நிமிர்ந்து புதுத் தண்ணீரை இழுக்கும். அவ்வளவுதான் அதன் வித்தை. கடல்தண்ணீர் நேராக எஞ்சினுக்குள் போகாது, போனால் உப்பு அரித்துவிடும். கூலருக்குள் இருக்கும் மெல்லிய குழாய்கள் வழியாக ஓடி, எஞ்சினுக்குள் சுற்றும் நல்ல தண்ணீரின் சூட்டை வாங்கிக்கொண்டு வெளியேறும்.

இந்த ரப்பருக்கு எண்ணெய் வேண்டாம், தண்ணீர்தான் எண்ணெய். அடி வால்வைத் திறக்க மறந்து எஞ்சினை ஓட்டினாலோ, உறிஞ்சும் வாயில் பிளாஸ்டிக் பை ஒட்டிக்கொண்டாலோ சில நிமிடங்களில் இலைகள் சூடாகிப் பிய்ந்துவிடும்.

போன தடைக்காலத்தில் நடந்தது இது. 2001-இல் 45 நாளாகத் தொடங்கிய மீன்பிடித் தடை, 2017 முதல் 61 நாள் ஆகிவிட்டது உங்களுக்குத் தெரியும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை நம் கடற்கரையில் விசைப்படகுகள் போகக்கூடாது. தடை முடிய நான்கு நாள் இருக்கும்போது, என் காலஞ்சென்ற நண்பரின் மகன் வீட்டுக்கு வந்தான். அப்பாவைப் போலவே அவனும் லாஞ்சு டிரைவர். கடன் வாங்கிச் சொந்தமாக ஒரு படகு வைத்திருக்கிறான்.

"மாமா, கடல்தண்ணி பம்புக்கு அடியில ஒரு ஓட்டை இருக்குல்லா, அதுல சொட்டுச் சொட்டா ஒழுகிச்சு. எம்-சீல் வச்சு அடச்சிட்டேன். ஆனா தண்ணி முன்ன மாதிரி விழல. புதுப் பம்பு வாங்கணுமா?"

"அந்த ஓட்டைய ஏன்ல அடச்ச?" என்று கேட்டுக்கொண்டே சட்டையை மாட்டினேன்.

அந்த ஓட்டை பழுதல்ல, பம்பைச் செய்தவர்களே வைத்தது. பம்பின் ஷாஃப்ட்டில் தண்ணீர்ப் பக்கம் ஒரு சீல், எண்ணெய்ப் பக்கம் ஒரு சீல், இரண்டுக்கும் நடுவில் அந்த ஓட்டை. தண்ணீர் சொட்டினால் ஒரு சீல் போய்விட்டது, எண்ணெய் சொட்டினால் மற்றது போய்விட்டது. அதை அடைத்தால் கடல்தண்ணீர் பேரிங்கில் ஏறி, அங்கிருந்து எஞ்சின் எண்ணெயில் கலந்துவிடும். நல்லவேளை, குச்சியை உருவிப் பார்த்தபோது எண்ணெய் இன்னும் பால் நிறமாகவில்லை.

வால்வை மூடிவிட்டு மூடித்தகட்டைக் கழற்றினோம். ஆறு இலையில் இரண்டு இல்லை. மற்றவை வளைந்தபடி விறைத்துக் கிடந்தன. இரண்டு மாதம் ஒரே நிலையில் மடங்கிக் கிடந்தால் ரப்பர் அப்படியே படிந்துவிடும். படகைக் கட்டிப் போடும்போதே இம்பெல்லரைக் கழற்றி வைப்பது நல்லது. (நம்மைப் போன்ற ஓய்வு பெற்றவர்களுக்கும் இது பொருந்தும். ஒரே நாற்காலியில் இரண்டு மாதம் மடங்கி உட்கார்ந்தால் நிமிர்வது கஷ்டம்.)

பம்பின் உடம்பில் கீறல் இல்லை. புதுப் பம்பு தேவையில்லை. இரண்டு சீல், பேரிங், இம்பெல்லர், பேப்பர் கேஸ்கெட் மட்டும் வாங்கி வரச் சொன்னேன். மூடித்தகட்டில் தடம் விழுந்திருந்ததால் அதைத் திருப்பிப் போட்டு மறுபக்கத்தைப் பயன்படுத்தினோம். கேஸ்கெட்டை அதே கனத்தில்தான் போட வேண்டும். கனம் கூடினால் இடைவெளி விழுந்து பம்பு இழுக்காது. இம்பெல்லரில் கிரீஸ் தடவாமல் சோப்புத் தண்ணீர் தடவி, சுற்றும் திசைக்கு இலைகள் பின்னால் சாயும்படி நுழைத்தோம்.

"முடிஞ்சிதா மாமா?" என்றான்.

"எங்க முடிஞ்சிது? ரெண்டு இலை எங்க?"

"பிஞ்சு போனது கடலோட போயிருக்கும், விடுங்க."

பம்பிலிருந்து போகும் ஹோஸைக் கழற்றி உதறினேன். வளைவில் ஓர் இலை இருந்தது. இரண்டாவது கிடைக்கவில்லை. இருட்டத் தொடங்கிவிட்டது. கூலரைத் திறக்க வேண்டும் என்றதும் அவன் முகம் சுருங்கியது. அப்போதுதான் அவனிடம் இதுவரை சொல்லாததைச் சொன்னேன்.

அவன் சிறுவனாக இருந்தபோது அவன் அப்பா ஓட்டிய லாஞ்சு ஒரு ராத்திரியும் ஒரு பகலும் கடலில் அலைந்தது. கச்சான் காற்று காலம். எஞ்சின் நின்ற படகைக் காற்று கரையை விட்டுத் தள்ளிக்கொண்டே போயிற்று. கைப்பேசி இல்லாத நாட்கள். மறுநாள் சாயந்தரம் வேறொரு லாஞ்சு கண்டு கட்டி இழுத்து வந்தது. அந்த எஞ்சினைப் பிரித்தவன் நான். சிலிண்டர் ஹெட் வெடித்திருந்தது. காரணம் தேடிப் போனால், கூலரின் வாயில் சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு ரப்பர்த் துண்டு. முந்தின வாரம்தான் யாரோ ஒருவர் புது இம்பெல்லர் போட்டிருக்கிறார். பழையதில் பிய்ந்த இலையை யாரும் தேடவில்லை.

அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அன்னைக்கு ராத்திரி முழுக்க அம்மா கடற்கரையிலதான் இருந்தாங்க. நானும் மடியில படுத்திருந்தேன். எஞ்சின் கோளாறுன்னு மட்டும்தான் தெரியும்" என்றான். கூலர் மூடியின் போல்ட்டுகளை அவனே கழற்றினான். இரண்டாவது இலை குழாய்களின் வாயை மறித்து, அங்கேதான் ஒட்டிக்கொண்டிருந்தது.

பிள்ளைகள் படகு வைத்திருக்கும் நண்பர்களுக்கு நான் சொல்வது இதுதான். எஞ்சின் விலையோடு பார்த்தால் இம்பெல்லர் விலை ஒன்றுமில்லை. ஒன்று கூடுதலாக வாங்கிப் படகிலேயே வைக்கச் சொல்லுங்கள். ஒழுகுகிற ஓட்டையை அடைக்க வேண்டாம், ஏன் ஒழுகுகிறது என்று பார்க்கட்டும். பிய்ந்த இலைகளை எண்ணட்டும். எல்லாம் கைக்கு வந்த பிறகுதான் மூடியைப் பூட்ட வேண்டும். பழுது பார்ப்பதில் பாதி, புதுச் சாமானை மாட்டுவது. மறுபாதி, பழையது எங்கே போயிற்று என்று தேடுவது.

ஜூன் 15 விடியற்காலை கைப்பேசி அடித்தது. "மாமா, தண்ணி நல்லா விழுது" என்றான். பின்னால் எஞ்சின் சத்தம் சீராகக் கேட்டது.