செட்ஜ்விக் தெருவில் ஒரு கட்டடம்

நியூயார்க் நகரத்திற்குச் செல்லும் நம்மவர்கள் சுதந்திர தேவியின் சிலையையும், எம்பயர் ஸ்டேட் கட்டடத்தையும், டைம்ஸ் சதுக்கத்தின் விளக்குகளையும் கண்டு களித்துவிட்டு ஊர் திரும்புவார்கள். பிராங்க்ஸ் பகுதிக்குச் செல்வோரும் அங்குள்ள மிருகக்காட்சி சாலையோடு நின்றுவிடுவது வழக்கம். அதே பகுதியின் மேற்கு ஓரத்தில், ஹார்லம் ஆற்றுக்கு அருகே, 102 குடித்தனங்கள் கொண்ட அடுக்குமாடிக் கட்டடம் ஒன்று நிற்கிறது. செட்ஜ்விக் தெரு, 1520-ஆம் எண். பார்வைக்கு அதில் யாதொரு விசேஷமும் இல்லை. ஆயினும், நம் வீட்டுப் பிள்ளைகள் காதில் கருவியை மாட்டிக்கொண்டு இரவும் பகலும் கேட்கிறார்களே, அந்த ஹிப்-ஹாப் இசையின் பிறந்த வீடு அதுதான்.

மான்ஹாட்டனிலிருந்து 4-ஆம் எண் ரயிலில் ஏற வேண்டும். பூமிக்கடியில் ஓடிவந்த வண்டி, யாங்கி விளையாட்டு அரங்கை நெருங்கும்போது மேலே ஏறி, அதன்பின் ஜெரோம் தெருவின் தலைக்கு மேலே இரும்புப் பாலத்தில் ஓடும். இறங்கி மேற்கே நடந்தால் தெருக்கள் ஆற்றை நோக்கிச் சரிந்து செல்கின்றன. வாகன இரைச்சல் ஓய்வதே இல்லை. ஆற்றங்கரையோடு ஒரு நெடுஞ்சாலை. பிராங்க்ஸைக் குறுக்கே பிளந்துகொண்டு மற்றொரு நெடுஞ்சாலை. இரண்டாவது சாலைக்கு 1948-இல் வேலை தொடங்கியது. ராபர்ட் மோசஸ் என்ற அதிகாரி வகுத்த திட்டம் அது. நெருக்கமாக மக்கள் வாழ்ந்த தெருக்களின் ஊடே அதை அமைத்தபோது ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வீடிழந்தன. 1970-களில் தென் பிராங்க்ஸில் வீடுகள் பற்றி எரிந்தன. காப்பீட்டுத் தொகைக்காகத் தம் கட்டடங்களுக்குத் தாமே தீ வைக்கச் செய்த சொந்தக்காரர்களும் உண்டு.

இந்தச் சூழ்நிலையில்தான், 1973 ஆகஸ்டு 11-ஆம் நாள், மேற்படி கட்டடத்தின் பொது அறையில் ஒரு நடன விருந்து நடந்தது. சிண்டி காம்ப்பெல் என்ற பெண்ணுக்குப் பள்ளிக்கூடம் திறக்குமுன் புது உடைகள் வாங்கப் பணம் தேவைப்பட்டது. அட்டைகளில் கையால் எழுதி அழைப்பு விடுத்தாள். பெண்களுக்கு 25 சென்ட், ஆண்களுக்கு 50 சென்ட் கட்டணம். இசைத்தட்டுப் போடும் பொறுப்பு அவளுடைய அண்ணன் கிளைவுக்கு. 1967-இல் ஜமைக்காவிலிருந்து வந்த இளைஞன். அப்போது வயது 18. கூல் ஹெர்க் என்பது அவன் சூட்டிக்கொண்ட பெயர்.

பாட்டின் நடுவே பாடகர் ஓய்ந்து, தாளம் மட்டும் தனித்து ஒலிக்கும் சில விநாடிகளுக்காகவே ஆடுவோர் காத்திருப்பதை ஹெர்க் கவனித்து வைத்திருந்தான். ஒரே இசைத்தட்டில் இரண்டு பிரதிகளை இரண்டு இயந்திரங்களில் வைத்து, ஒன்றில் அந்தப் பகுதி முடியுமுன் மற்றொன்றில் அதையே தொடங்கி, சில விநாடித் தாளத்தைப் பல நிமிடங்களுக்கு நீட்டினான். அதன்மேல் ஒலிபெருக்கியில் சந்தத்தோடு பேசிய பேச்சே நாளடைவில் ராப் ஆயிற்று. போட்டியாளர்கள் பார்த்துத் தெரிந்துகொள்ளக் கூடாதென்று தட்டுகளின் மேலிருந்த பெயர்ச்சீட்டுகளைத் தண்ணீரில் ஊறவைத்து உரித்துவிடுவானாம்! தொழில் ரகசியத்தின் அருமை அவனுக்குத் தெரிந்திருந்தது.

பணம் புகுந்ததால் இக்கலை கெட்டது என்று சொல்லுவோர் பலர். முதல் நாளே வாசலில் காசு வாங்கினார்கள் என்பதை அவர்கள் மறந்துவிடுகிறார்கள். அன்று வசூலான காசு அதே கட்டடத்துப் பெண்ணின் உடைக்குப் பயன்பட்டது. பிற்பாடு வந்த பணம் எங்கே போயிற்று என்பதே என்னுடைய கேள்வி.

ஆறு ஆண்டுகள் வரை இது பிராங்க்ஸின் பூங்காக்களிலும் கூடங்களிலும் வளர்ந்தது. 1979-இல் அடுத்த மாநிலமான நியூஜெர்சியில், சில்வியா ராபின்சன் என்ற அம்மையார் நடத்திய சுகர் ஹில் கம்பெனி, மூன்று இளைஞர்களைச் சேர்த்து 'ராப்பர்ஸ் டிலைட்' என்ற தட்டை வெளியிட்டது. அது நாடெங்கும் விற்றது. மூவரில் ஒருவரான ஹாங்க் பாடிய வரிகள், கிராண்ட்மாஸ்டர் காஸ் என்ற பிராங்க்ஸ் கலைஞரின் நோட்டுப் புத்தகத்திலிருந்து எடுத்தவை. காஸுக்கு அப்போதிருந்த மேடைப் பெயரைக்கூட மாற்றாமல் அப்படியே பாடிவிட்டார்! அத்தட்டில் 'சீக்' என்ற குழுவினரின் இசையும் கையாளப்பட்டிருந்தது. அவர்கள் வழக்கறிஞர் மூலம் கேட்டதும் பெயரும் பங்கும் கிடைத்தன. காஸுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. பத்திரம் வைத்திருந்தவனுக்குக் கூலி. நோட்டுப் புத்தகம் வைத்திருந்தவனுக்குப் பட்டை நாமம்.

ஆனாலும் நியாயத்தைச் சொல்ல வேண்டும். சேரி வாழ்வின் அவலத்தை உரக்கச் சொன்ன 'தி மெசேஜ்' என்ற 1982-ஆம் ஆண்டுப் பாடலை வெளியிட்டதும் இதே கம்பெனிதான். இதை யார் கேட்பார்கள் என்று கலைஞர்கள் தயங்கியபோது, அந்த அம்மையாரே விடாப்பிடியாக நின்று பாட வைத்தார். வியாபாரிக்கு நல்ல காது இருப்பதும் உண்டு.

1986-இல் ரன்-டி.எம்.சி. குழுவினர் தாங்கள் அணிந்த அடிடாஸ் காலணியைப் புகழ்ந்து, யாரும் கேளாமலே, ஒரு பாட்டுப் பாடினர். மாடிசன் ஸ்குவேர் கார்டன் அரங்கில் ரசிகர்கள் தத்தம் காலணியைக் கழற்றி உயர்த்திக் காட்டியதைக் கம்பெனிக்காரர் நேரில் கண்டார். பத்து லட்சம் டாலர் அளவில் ஒப்பந்தம் பிறந்தது. அதுமுதல் பானம், உடை, மோட்டார் வண்டி எனப் பாட்டுக்குள் சரக்கு ஏறிற்று. 1996-இல் வந்த தொலைத்தொடர்புச் சட்டம், ஒரு கம்பெனி நாடு முழுவதிலும் 40 வானொலி நிலையங்களுக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்ற வரம்பை நீக்கிற்று. சில ஆண்டுகளில் கிளியர் சானல் கம்பெனியின் கையில் 1,200-க்கும் மேற்பட்ட நிலையங்கள் சேர்ந்தன. உள்ளூர்ப் பையனின் பாட்டை உள்ளூர் நிலையத்தில் போடுவதற்கும் தலைமையகத்தின் பட்டியலைப் பார்க்க வேண்டிய காலம் வந்தது. 2014-இல் டாக்டர் டிரே என்ற ராப் கலைஞரும் கூட்டாளியும் நடத்திய பீட்ஸ் கம்பெனியை ஆப்பிள் நிறுவனம் 300 கோடி டாலருக்கு வாங்கிற்று.

செட்ஜ்விக் தெருவுக்குத் திரும்புவோம். அக்கட்டடம் அரசின் சலுகை பெற்றுக் குறைந்த வாடகைக்கு வீடுகளை விட்டுவந்த திட்டத்தைச் சேர்ந்தது. 2007-இல் உரிமையாளர் அத்திட்டத்திலிருந்து விலக முற்பட்டார். வாடகை ஏறும் என்று குடித்தனக்காரர்கள் அஞ்சினர். கூல் ஹெர்க் அவர்களோடு நின்று, இது ஹிப்-ஹாப் பிறந்த இடம், காப்பாற்றுங்கள் என்று முறையிட்டார். மாநில அரசும் அதன் சரித்திரச் சிறப்பை ஏற்றது. எனினும் 2008-இல் கட்டடம் ஒரு முதலீட்டாளர் கைக்குப் போயிற்று. பராமரிப்புக் குறைந்து சீர்கெட்டது. 2010-இல் நகர அரசு கடனுதவி செய்து, அடமானத்தைப் புதியவர்கள் வாங்கிக் கட்டடத்தை மீட்க வழி வகுத்தது. மீட்டது அரசின் கடன். கோடிகளைக் கண்ட இசைக் கம்பெனிகள் அல்ல. 2011-இல் சிறுநீரகக் கல்லுக்குச் சிகிச்சை பெற வேண்டியிருந்த ஹெர்க்குக்கு மருத்துவக் காப்பீடு இல்லை. ரசிகர்களிடம் நிதி திரட்ட நேர்ந்தது. 2023-இல் ராக் அண்டு ரோல் புகழ்க் கூடத்தில் அவருக்கு இடமளித்துக் கௌரவித்தார்கள்.

இதைப் படிக்கும் மும்பை அன்பர்களுக்குத் தாராவி நினைவுக்கு வரலாம். தமிழும் இந்தியும் மராத்தியும் கலந்து ராப் பாடும் இளைஞர்கள் அங்கே இருக்கிறார்கள். தாராவியின் டோப்அடெலிக்ஸ் குழுவினர் 2018-இல் 'காலா' படத்திலேயே பாடினர். மறு ஆண்டு 'கல்லி பாய்' இந்திப் படம் வந்தது. அதே ஆண்டில் வெளிநாட்டு இசைக் கம்பெனியும் கிளை திறந்தது. 2022-இல் தாராவியை இடித்துக் கட்டும் ஒப்பந்தத்துக்கு அதானி குழுமத்தின் ஏலம் தேர்வாயிற்று. எந்தக் குடும்பத்திற்கு எங்கே வீடு என்பதே இப்போது அங்கே பேச்சு.

பிராங்க்ஸில், யாங்கி அரங்கத்துக்குச் சற்றுத் தொலைவில் ஆற்றங்கரையில், ஹிப்-ஹாப் அருங்காட்சியகத்திற்கு 2021-இல் அடிக்கல் நாட்டினார்கள். 542 குறைந்த வாடகை வீடுகள் கொண்ட குடியிருப்பின் கீழ்த்தளங்களில் அதற்கு இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். செட்ஜ்விக் தெருக் கட்டடமோ காட்சிசாலை அல்ல. குடும்பங்கள் வாழும் இடம். தெருவிலிருந்து பார்ப்பதே மரியாதை. பகலில் செல்வது நல்லது. திரும்பும்போது மேட்டில் ஏற வேண்டியிருக்கும். முழங்கால் வலியுள்ளவர்கள் வாடகைக் கார் வைத்துக்கொள்ளலாம்.